யப்பானியரின் அசைவுச் சித்திரமும் எமது முன்னேற்றமும்
(வாலிபர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"சிறுபிள்ளைகள் பார்க்கும் பொம்மைப் படத்துக்கும் ஒரு தேசத்தின் முன்னேற்றத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று பெரியோர் சிலர் எம்மைக் கேட்டனர். நியாயமான கேள்வியே. தலைப்பைக் கேட்டதும் நகைத்த நண்பர்களும் உளர். இரு சாராருக்கும் எம்மால் இயன்ற விடையைக் கூறவே இங்கு நிற்கின்றோம். யப்பானியர் 'அனிமே' என வழங்குவதை நாம் அசைவுச் சித்திரம் என்போம். கையால் வரைந்த சித்திரங்களை வினாடிக்கு 24 படங்கள் வீதம் ஓடவிட்டால் அவை உயிர்பெற்று நடமாடுவனபோலக் கண்ணுக்குத் தோன்றும். இக்கலையின் இரகசியம் அவ்வளவே, மிகுதியெல்லாம் உழைப்பு.

எம் பாட்டன்மார் காலத்தில், யப்பான் என்றதும் திருக்கோணமலையாருக்கு நினைவுக்கு வந்தது குண்டுவீச்சே. 1942ஆம் ஆண்டு ஏப்பிரில் 9ஆந் திகதி, யப்பானியக் கடற்படையின் விமானங்கள் எம் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கின. விமானமொன்று எண்ணெய்க் குதமொன்றின் மீது வீழ்ந்து, அத் தீ பல நாள் எரிந்ததென்று பெரியோர் கூறுவர். அன்றைய தினமே ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலும் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது.

அதே யப்பானியக் கடற்படைதான், தன் நாட்டின் முதலாவது முழுநீள அசைவுச் சித்திரத்தையும் செய்வித்தது என்றால் வியப்பாயிருக்கும். 1945ஆம் ஆண்டு ஏப்பிரிலில் வெளியான அப்படத்தில், பழங்கதை வீரனாகிய மொமொத்தாரோ என்னும் சிறுவன் விலங்குப் படையுடன் அசுரர் தீவைப் பிடிக்கிறான். அசுரர் யாரெனில் வெள்ளைக்காரர்! வானரம் உதவிக்கு வருவதும் தீவைப் பிடிப்பதும் எம்மவர் காதுக்குப் புதியன அல்ல. கதை பழையது, ஏவியது யுத்தம். படம் வெளியான காலத்தில் யப்பானிய நகரங்கள் எரிந்துகொண்டிருந்தன. நகரத்துப் பிள்ளைகளிற் பலர் குண்டுகளுக்கு அஞ்சி நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டிருந்தனர். பார்ப்பதற்குப் பிள்ளைகள் இல்லாத கொட்டகைகளிற் பிள்ளைகளுக்கான படம் ஓடியது.

ஆயினும், ஒசாக்கா நகரில் அப்படத்தைப் பார்த்தவர்களுள் பதினாறு வயதினனான ஒரு மாணவனும் இருந்தான். தெசுக்கா ஒசாமு என்பது அவன் பெயர். படத்தின் யுத்தப் பிரசாரம் அவன் மனத்தில் நிற்கவில்லை. பூக்களும் பறவைகளும் உயிர்பெற்று அசைந்த அழகே நின்றது. நாமும் ஒருநாள் இப்படியொரு படம் செய்வோம் என்று அவன் எண்ணங்கொண்டான். சில வாரங்களில் அவன் வேலைசெய்த இடத்தின் மீதே குண்டுமாரி பொழிந்தது, உயிர் தப்பினான். பின்னர் வைத்தியக் கல்வியைப் பயின்று முடித்தும் சித்திரத்தையே தொழிலாகக் கொண்டார். (நாம் இதைச் சொல்லும்போது பெற்றோர் சிலரின் முகம் வாடுவதைக் காண்கின்றோம். அவர் வைத்தியப் பரீட்சையிற் சித்தியடைந்தார் என்பதையும் குறித்துக்கொள்வீர்களாக.)

அமெரிக்கப் படங்களைப்போலச் செய்ய அவரிடம் பணமில்லை. ஆகவே, வினாடிக்கு எட்டுச் சித்திரமோ அதிலுங் குறைவோ போதுமெனத் துணிந்தார். ஒருவன் பேசும்போது வாய் மாத்திரம் அசையும், உடல் அசையாது. நேற்று வரைந்த ஓட்டத்தை இன்றும் எடுத்தாள்வார். இங்ஙனம் சிக்கனமாக ஆக்கிய 'அத்தோம்' என்னும் இயந்திரச் சிறுவனின் கதை 1963ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி தொலைக்காட்சியில் ஆரம்பமாகி வாரந்தோறும் நடந்தது. அவ்வாண்டிலேயே அமெரிக்காவுக்கும் போயிற்று. வறுமை அங்கு தடையாகாமல் ஒரு முறையாகவே மாறிவிட்டது. எம்மைக் கவர்ந்தது இதுவே.

இதன் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. படங்களை அடக்கவிலைக்குங் குறைவாக விற்றதால் அவர் தொடங்கிய முசி நிறுவனம் 1973இல் முறிந்தது. அன்று தொடங்கிய மலிவின் பாரத்தை யப்பானின் இளஞ் சித்திரக்காரர் இன்றுஞ் சுமக்கின்றனர். சொற்ப ஊதியத்துக்கு இரவு பகலாக வரைவோர் அங்கு பலர். ஆகவே, யப்பானைப் பார்த்து அப்படியே நடப்போம் என்று நாம் சொல்ல வரவில்லை.

வருமானக் கணக்கை ஒரு வசனத்தில் முடித்துவிடுகின்றோம்: 2023ஆம் ஆண்டில் இத்துறையின் வருமானம் மூன்று இலட்சங் கோடி யென்னுக்கு மேல், அதிற் பாதிக்கு மேற்பட்டது பிறநாடுகளிலிருந்து வந்தது. எம்மைப் பொறுத்தவரை இதனிலும் பெரிய செய்தி வேறொன்று. தக்காஹாத்தா இசாஓ என்பவர் ஒன்பது வயதில் ஒக்காயாமா நகரின் மீது நடந்த குண்டுவீச்சில் உயிர் தப்பியவர். 1988இல் அவர் ஆக்கிய 'மின்மினிகளின் கல்லறை' என்னும் படம், யுத்தத்தில் தாயை இழந்த அண்ணனும் தங்கையும் பசியால் மாண்ட கதையாகும். வீரம் பேசவில்லை, பகைவரையுந் திட்டவில்லை. தம் நாட்டார் தம் பிள்ளைகளைக் கைவிட்டதையே கூசாமற் காட்டினார். 1945இற் கடற்படை ஏவிய படத்தையும் இதனையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முன்னையதை அறிஞர் சிலரே தேடிப் பார்க்கின்றனர். பின்னையதைக் கண்டு உலகமே கண்ணீர் விடுகிறது. தோல்வியையும் துயரையும் மறையாது வரையத் துணிந்த நாளிலேதான் யப்பானியச் சித்திரம் உண்மையில் முன்னேறியது என்பது எம் துணிபு. யுத்தத்தையும் 2004ஆம் ஆண்டின் கடற்கோளையும் கண்ட எம் கரையில், இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. இங்கும் அண்ணன்மாரும் தங்கைமாரும் இருந்தனர்.

இனி, இச் சபைக்கு மிக நெருங்கிய விடயத்துக்கு வருகின்றோம். யூகோ சாக்கோ என்னும் யப்பானியர் 1983இல், அலகாபாத்துக்கு அண்மையில் நடந்த அகழ்வாராய்ச்சியைப் படம்பிடிக்க இந்தியா வந்தார். வந்தவர் இராமாயணத்தில் ஈடுபட்டு, அதன் மொழிபெயர்ப்புகள் பலவற்றைக் கற்று, அதை அசைவுச் சித்திரமாக்க விரும்பினார். புனித காவியத்தை அந்நியன் பொம்மைப் படமாக்குவதோ என எதிர்ப்புக் குரல் எழுந்தது. அவர் சினங்கொள்ளவில்லை, பொறுமையுடன் விளக்கினார். இந்தியாவின் சித்திரப்பட வல்லுநர் இராம் மோகன் அவருடன் சேர்ந்தார். வேட்டி எவ்வாறு உடுப்பது, பெரியோரை எவ்வாறு வணங்குவது என்பனவெல்லாம் யப்பானியச் சித்திரக்காரருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டன. ஏறக்குறைய 450 கலைஞர் உழைத்த அப்படம் 1993ஆம் ஆண்டு ஜனவரியிற் புதுடில்லி திரைப்பட விழாவிற் காட்டப்பட்டது. முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில், தமிழ்க் குரலுடன் இந்தியக் கொட்டகைகளுக்கும் வந்தது.

மிசன் பாடசாலையிற் பயின்ற எமக்கு மற்றொன்றும் நினைவுக்கு வருகிறது. விவிலியக் கதைகளையும் 1981இல் யப்பானின் தட்சுநோக்கோ நிறுவனமே தொலைக்காட்சித் தொடராக வரைந்தது. மோசேயையும் வரைந்தார்கள், மாருதியையும் வரைந்தார்கள். அவர்களிற் பெரும்பாலார் கிறிஸ்தவருமல்லர், இந்துக்களுமல்லர். அன்னியருடைய கதையையும் கற்று, சிரத்தையுடன் வரைந்தனர். அவர்களைக் குறைகூற எமக்கு வாயில்லை. ஆனால் அந்த இராமாயணப் படத்தில் இலங்கை கதைக்களமாக மாத்திரம் வந்தது. இராவணன் வெட்டு நிற்பது எம் கோணேசர் மலையில். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் தாயின் கிரியைக்காக அவன் உண்டாக்கியவை என்பது எம் பாட்டிமார் சொன்ன கதை. அவற்றை வரைந்து அசையவிட்ட கை எம் ஊரில் எங்கே?

எம் பகுதியின் புல்மோட்டைக் கரையை நீங்கள் யாவரும் அறிவீர்கள். அங்குள்ள கருமணலில் இல்மனைற்று உண்டு. அதிலிருந்தே வெள்ளை வர்ணப்பூச்சின் மூலப்பொருள் பெறப்படுகிறது. பல்லாண்டு காலமாக மணல் கப்பலேறிப் போகிறது. வர்ணம் தகரப்பேணியில் விலைக்கு வருகிறது. கதைகளையும் இவ்வாறே அனுப்பிக்கொண்டிருப்போமா என்பதே எமது கவலை.

பணம் எங்கே, பொறி எங்கே என்பீர்கள். யப்பானின் புகழ்பெற்ற கிபிலி சித்திரக்கூடம் கையாண்ட 'தூன்ஸ்' என்னும் கணினிச் செயலி 2016இலிருந்து எவருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. கைத்தொலைபேசியின் படக்கருவி எங்கள் வாலிபர் பலரிடம் உண்டு. தெசுக்காவின் கணக்குப்படி வினாடிக்கு எட்டுச் சித்திரமென்றால் ஒரு நிமிடத்துக்கு 480. இருபது பேர் சேர்ந்தால் ஆளுக்கு 24 சித்திரம். பாடசாலை விடுமுறையில் இது முடியாத காரியமா? ஒருவரே எல்லாவற்றையும் வரைந்து கைநொந்து போகவேண்டியதில்லை. சிறியோர் வர்ணந் தீட்டலாம். சங்கீதம் அறிந்தோர் பாடலாம். வரைகிறவர்க்குத் தேநீராவது சங்கம் கொடுக்க வேண்டும். யப்பானிய நிறுவனங்களின் குறையை நாமும் செய்தல் ஆகாது.

முதலாவது முயற்சியாகக் கன்னியாக் கிணறுகளின் கதையை ஒரு நிமிடப் படமாக ஆக்க உத்தேசித்துள்ளோம். கதையைப் புத்தகத்திற் பார்த்து எழுத எமக்கு விருப்பமில்லை. பெரியோர்களே, தாய்மார்களே, நீங்கள் சிறுவயதிற் கேட்டபடியே அதை எமக்குச் சொல்லித்தாருங்கள். வீட்டுக்கு வீடு வேறுபட்டால் அந்த வேறுபாட்டையும் சொல்லுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை எம் வாலிபர் இருவர் கொப்பியும் பென்சிலும் கொண்டு உங்கள் வீடுகளுக்கு வருவார்கள்.