கணவனும் மனைவியும் கண்ட மெக்சிக்கோ



இல்லறத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வீட்டைப் பற்றியே பேசுவர். ஆயின் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் இடம் வீடு மாத்திரமன்று. வழிப்பயணத்தில் மூட்டையைச் சுமப்பவர் யார், களைத்தவருக்காக நின்று காத்திருப்பவர் யார், ஒரே காட்சியைக் கண்டு இருவரும் எதனை மனத்திற் கொண்டு திரும்புகின்றனர் என்பவை யாவும் வெளிப்பட்டு விடுகின்றன. இன்று நான் எடுத்துக்கொண்ட தம்பதியர் 1935ஆம் ஆண்டுக்கும் 1967ஆம் ஆண்டுக்கும் இடையிற் பன்னிரண்டு தடவைக்கு மேல் மெக்சிக்கோவுக்குச் சென்றுவந்தவர்கள். கணவர் யோசெப் அல்பேர்ஸ், ஓவியர். மனைவி ஆனி, நெசவுக் கலைஞர்.

இவ்விருவரும் வெவ்வேறு உலகங்களிற் பிறந்தவர்கள். யோசெப் 1888ஆம் ஆண்டில் யேர்மனியிலுள்ள பொட்றொப் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் வீடுகளுக்கு வர்ணம் பூசுபவர். தச்சு முதலிய கைத்தொழில்களும் அறிந்தவர். ஆனி 1899ஆம் ஆண்டில் பேர்லினிற் செல்வக் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் தளபாட உற்பத்தியாளர். தாயார் புகழ்பெற்ற பதிப்பகக் குடும்பமொன்றின் மகள். பௌஹவுஸ் என்னும் கலைக்கூடத்தில் இருவரும் சந்தித்து, 1925ஆம் ஆண்டில் மணம் புரிந்தனர். ஆனி விரும்பிச் சென்றது கண்ணாடி வேலைப் பிரிவுக்கு. ஆனால் பெண்களை நெசவுப் பிரிவுக்கு அனுப்புவதே அங்கு வழக்கமாயிருந்தது. விருப்பமின்றித் தொட்ட தறியே பின்னர் அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது. யோசெப்போ, கண்ணாடி வாங்கப் பணமின்றிக் குப்பைமேட்டிற் கிடந்த உடைந்த சில்லுகளைப் பொறுக்கிச் சித்திரம் அமைத்தவர்.

1933ஆம் ஆண்டில் நாசிகளின் நெருக்குதலாற் பௌஹவுஸ் மூடப்பட்டது. ஆனி யூத வமிசத்தவர். அவ்வாண்டின் இறுதியில் இருவரும் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலுள்ள பிளக் மௌண்டன் கல்லூரிக்கு ஆசிரியராய்ச் சென்றனர். யோசெப்புக்கு ஆங்கிலம் தெரியாது. சிறுவயதிலேயே அம்மொழியைக் கற்றிருந்த ஆனிதான் அவருக்குத் துணைநின்றார். நாற்பத்தைந்து வயதில், மொழி தெரியாத நாட்டில், மனைவியின் நாவைக் கொண்டு தொழிலைத் தொடங்குவதென்பது எளிய காரியமன்று. மற்றவரின் குறையை மற்றவர் தம் கடமையாக ஏற்கும் இல்லறத்துக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ?

மெக்சிக்கோவுக்கு இவர்களை ஈர்த்தோருள் ஒருவர், கியூபா நாட்டுத் தளபாட வடிவமைப்பாளரான கிளாரா பொர்செற் அம்மையார். 1935ஆம் ஆண்டின் குளிர்கால விடுமுறையில், நண்பர்களுடன் காரில் எல்லையைக் கடந்து தெற்கே புறப்பட்டனர். கல்லூரி ஆசிரியரின் சிறிய வருவாயிற் பெருஞ்செலவு செய்ய இயலாது. ஆயினும் அவர்கள் தேடியவை விலை கொடுத்து வாங்கும் இன்பங்கள் அல்ல. சந்தைகள், மண்வீடுகள், பழைய கோயில்களின் படிக்கட்டுகள், இடுப்பிற் கட்டிய சிறுதறியில் நெசவு செய்யும் பெண்கள் ஆகியவற்றையே நாடிச் சென்றனர்.

ஒஹாக்கா நகரின் அருகே மலையுச்சியில் மொண்டே அல்பான் என்னும் பழம்பதி உள்ளது. சப்போத்தெக் மக்கள் கட்டியெழுப்பிய இடம் அது. அங்கே 1932ஆம் ஆண்டில் அல்போன்சோ காசோ என்னும் தொல்லியலறிஞர் ஏழாம் இலக்கக் கல்லறையைத் திறந்து, பொன்னும் பளிங்கும் முத்தும் பச்சைக்கல்லும் கொண்ட அணிகலன்களைக் கண்டெடுத்தார். அவற்றைப் பார்த்த ஆனி வியந்தது பொன்னின் விலையையன்று. முத்தையும் சாதாரணச் சிப்பியையும் சமமாக வைத்து இணைத்த கைவினைஞரின் துணிவையே. ஊர் திரும்பியபின், அலெக்சாண்டர் றீட் என்னும் மாணவருடன் சேர்ந்து, இரும்புக் கடையிற் கிடைக்கும் வளையங்கள், காகிதக் கவ்விகள், தொட்டியின் அரிதட்டு ஆகியவற்றைக் கொண்டு கழுத்தணிகள் செய்தார். வகுப்பறையிலும் சோள மணிகளையும் முறுக்கிய காகிதத்தையும் மாணவர்க்குக் கொடுத்து, விரலாற் பார்க்கப் பழக்கினார். ஒன்றுமில்லை என்று கைவிரிக்கும் பள்ளிக்கூடங்களில் வாழ்நாளைக் கழித்த என்போன்றோர்க்கு இச்செய்தி பெருந்தெம்பு தருவது.

யோசெப்போ கமராவுடன் திரிந்தார். மித்லாவின் கற்சுவர்களில் வளைந்து வளைந்து செல்லும் கோலங்களையும், தெயோத்திவாக்கானின் படிகளில் விழும் நிழலையும் படம் பிடித்தார். அச்சிறு படங்களை அட்டைகளிற் பக்கம் பக்கமாக ஒட்டி ஒப்புநோக்கினார். வெயிலில் உலர்த்திய மண்கல்லாற் கட்டி, வர்ணம் பூசிய எளிய வீடுகள் அவர் மனத்தைவிட்டு அகலவில்லை. 1947ஆம் ஆண்டளவில் அவர் தொடங்கிய ஓவிய வரிசை அவ்வீடுகளின் பெயராலேயே வழங்குகின்றது. ஆனியோ, 1936ஆம் ஆண்டில் நெய்த சித்திரத் துணியொன்றுக்கு மொண்டே அல்பான் என்றே பெயரிட்டார். ஒரே மலையில் இருவரும் நின்றனர். ஒருவர் வர்ணத்தோடும் மற்றவர் நூலோடும் இறங்கி வந்தனர்.

நேயர்களே, இப்பயணங்கள் கலைக்காக மாத்திரம் நிகழ்ந்தவை அல்ல. 1937ஆம் ஆண்டில் ஆனியின் பெற்றோர் யேர்மனியிலிருந்து வந்து, மகளுடனும் மருமகனுடனும் மெக்சிக்கோவைச் சுற்றிப் பார்த்தனர். தாயார் அப்பயணத்தைப் பற்றி நாட்குறிப்பும் எழுதினார். பார்த்தபின் பெற்றோர் தம் நாட்டுக்கே திரும்பினர். அடுத்த ஆண்டு, 1938 நவம்பரில், யேர்மனியில் யூதர்களின் கடைகளும் தொழுகைக் கூடங்களும் தாக்கப்பட்டன. 1939ஆம் ஆண்டில் அதே பெற்றோர் மீண்டும் மெக்சிக்கோவின் வெரக்குரூஸ் துறைமுகத்துக்கு வந்தபோது, அவர்கள் உல்லாசப் பயணிகள் அல்லர். உயிர் தப்பி வந்த அகதிகள். துறைமுகத்தில் அவர்களை எதிர்கொண்டவர்கள் மகளும் மருமகனுமே. வண்ணங்களையும் வடிவங்களையும் காண்பதற்காக முன்னர் சென்ற வழியே, இப்போது பெற்றோரை மீட்கும் வழியும் ஆயிற்று. இரண்டு ஆண்டுகளுக்குள் விருந்தினர் அகதியராய் மாறும் உலகில், ஏற்றுக்கொள்ளும் கரை ஒன்று இருப்பது எத்துணைப் பெரிய காரியம்!

பயணந்தோறும் இவர்கள் பழங்காலத்துச் சிறு மண்பாவைகளையும் துணிகளையும் வாங்கிச் சேர்த்தனர். அத்தொகுதி ஆயிரத்துக்கு மேற்பட்டதாய் வளர்ந்தது. இங்கு ஒன்றை மறைத்துச் சொல்லுதல் முறையன்று. அன்று வழியோரச் சிறுவர்களும் இத்தகைய பாவைகளை விற்றனர். ஆனால் பழம்பொருள்கள் ஒரு மக்களின் பொதுச்சொத்து என்பதை மெக்சிக்கோ 1972ஆம் ஆண்டின் சட்டத்தால் உறுதியாக நிலைநாட்டியது. அன்போடு வாங்கியவர் கையிலும் அவை பிறந்த மண்ணை விட்டுப் பிரிந்தவையே. எனினும் பெயர் தெரியாத அக்கைவினைஞரைத் தம் குருமாராக இவர்கள் போற்றினர். ஆனி 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட நெசவு நூலைப் பண்டைய பெரு நாட்டு நெசவாளர்களுக்கே சமர்ப்பித்தார்.

1950ஆம் ஆண்டில் யோசெப் யேல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பதவி ஏற்க, இருவரும் கனெற்றிக்கட் மாநிலத்திற் குடியமர்ந்தனர். வெண்ணிறச் சுவர்களும் வேண்டிய அளவு தளபாடமுமே கொண்ட எளிய வீடு அது. நிலவறையில் விளக்கொளியில் நின்று, சதுரத்துக்குள் சதுரமாக யோசெப் வர்ணம் தீட்டினார். பயன்படுத்திய வர்ணங்களின் பெயர்களை ஒவ்வோர் ஓவியத்தின் பின்புறத்திலும் குறித்து வைத்தார். ஆனி தம் தறியோடிருந்தார். நியூயோர்க் நவீனக் கலைக்கூடம் தனியொரு நெசவுக் கலைஞருக்கென முதன்முதலில் நடத்திய கண்காட்சி 1949ஆம் ஆண்டில் ஆனியின் ஆக்கங்களுக்கே கிடைத்தது. 1963ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்சலிசிலுள்ள அச்சுக் கலைக்கூடமொன்றுக்குக் கணவர் அழைக்கப்பட்டபோது, ஆனி உடன்சென்ற மனைவியாகவே போனார். சும்மா இருப்பானேன், நீங்களும் முயன்று பாருங்கள் என்று அவரையும் தூண்டினர். அறுபதைக் கடந்த வயதில் அவர் புதிய கலையொன்றைத் தொடங்கியது அவ்விதமே.

யோசெப் 1976ஆம் ஆண்டிலும் ஆனி 1994ஆம் ஆண்டிலும் காலமாயினர். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒன்றாய் வாழ்ந்தும் கணவர் மனைவிக்கு வர்ணம் விதிக்கவில்லை. மனைவி கணவருக்கு நூல் கோத்துக்கொடுப்பவராய் ஒடுங்கவுமில்லை. நமது வீடுகளில் ஒற்றுமை என்னும் பெயரால் ஒருவர் விருப்பம் மற்றவர் விருப்பத்துள் கரைந்துபோவதைக் காண்கிறோம். பெரும்பாலும் கரைவது பெண்ணின் விருப்பமே. இருவரும் சேர்ந்து பார்ப்பதும், பார்த்ததைத் தத்தம் கையால் தனித்தனியே ஆக்குவதும் ஒற்றுமைக்கு மாறானவை அல்ல. அதற்கு மெக்சிக்கோ வரை செல்லவேண்டும் என்பதில்லை. அடுத்த விடுமுறையிற் பக்கத்து ஊருக்குப் போகும்போதேனும், திரும்பிவந்து, நீ என்ன கண்டாய் என்று ஒருவரையொருவர் கேட்டுப் பாருங்கள். விடை சொல்லி முடியும்வரை பொறுத்திருந்து கேளுங்கள்.