பக்கப்பட்டியும் பத்தொன்பது மில்லிமீட்டரும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மெக்கானிக்கல் படித்தவன் தோல்பை தைப்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. வீட்டிலும் அப்படித்தான். "இதுக்கா அவ்வளவு செலவு பண்ணிப் படிக்க வெச்சோம்?" என்று கேட்டார்கள். ராணிப்பேட்டைப் பக்கம் ஆறு பெண்கள் வீட்டிலேயே கையால் பை தைத்து ஒரு கடைக்குக் கொடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே போய் உட்காருவது வழக்கம். பை கோணலாக இருந்தால் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். தோல் காசு அவர்கள் தலையில்தான் விழும். துணியென்றால் பிரித்துத் தைக்கலாம், ஊசித்துளை மறைந்துவிடும். தோலில் குத்தியது குத்தியதுதான். அதனால் இந்தக் கணக்கு அவர்களுக்குச் சோற்றுக் கணக்கு.

பை கோணலாவது பெரும்பாலும் கஸெட்டில்தான். முன்பக்கத் தோலையும் பின்பக்கத் தோலையும் சேர்த்து, பைக்கு ஆழம் கொடுக்கிறதே ஒரு நீளப் பட்டி, அதுதான் கஸெட். ஒரு பக்கவாட்டில் இறங்கி, அடியில் திரும்பி, மறு பக்கவாட்டில் ஏறும். இதை இரண்டு தடவை தைக்க வேண்டும்: முன்பக்கத்தோடு ஒரு தடவை, பின்பக்கத்தோடு ஒரு தடவை. இரண்டும் ஒரே மாதிரி அமையாவிட்டால் மேஜையில் வைத்த பை முறுக்கிக்கொண்டு நிற்கும்.

பட்டி எவ்வளவு நீளம் வேண்டும்? புதிதாகத் தைப்பவர் உயரம், அகலம், உயரம் என்று கூட்டுவார். 30 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம் என்றால் 80 செ.மீ. ஆனால் அடியில் இரண்டு மூலையும் வளைவு. ஆரம் 30 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். தையல் ஓடுவது விளிம்பில் இல்லை, 4 மி.மீ. உள்ளே. ஆகவே தையல் கோட்டின் ஆரம் 26. பையில் பாதியை 26-ஆல் பெருக்கினால் (இது கணக்குப் பை, தோல்பை அல்ல!) ஒரு மூலைக்கு 40.8 மி.மீ. நேர்ப் பகுதிகளையும் சேர்த்தால் சுமார் 762 மி.மீ. கிட்டத்தட்ட 4 செ.மீ. வித்தியாசம்! தகடு வளைக்கும்போது பெண்ட் அலவன்ஸ் போட்டோமே, அதன் தம்பிதான் இது. இருந்தாலும் பட்டியை இரண்டு முனையிலும் ஓரங்குலம் கூட விட்டு வெட்டுங்கள். மிச்சத்தைக் கடைசியில் நறுக்கலாம். குறைந்ததை ஒட்ட முடியாது.

அடுத்து, எங்கே ஆரம்பிப்பது? எல்லாருக்கும் மேல் முனையிலிருந்து ஆரம்பிக்கத்தான் கை போகும். தையலுக்கு 4 மி.மீ. என்றால் மொத்தம் சுமார் 190 தையல். ஒவ்வொரு தையலுக்கும் மேல் தோல் 0.1 மி.மீ. நழுவினாலும் மறுமுனையில் 19 மி.மீ. ஆகிவிடும். கோணல் அங்கே வந்து நிற்கிறது. அந்தக் குழுவில் மூத்தவரான ஒரு அக்கா பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்டவர். அவர் சொன்னார்: "நடுவுலருந்து ரெண்டு பக்கமும் போ தம்பி. தப்பு வந்தாலும் ரெண்டு காதும் ஒண்ணாத்தான் தப்பும்." டேட்டம் என்று நான்கு வருடம் படித்ததை இரண்டே வரியில் சொல்லிவிட்டார்.

அடிப்பக்கத்தின் நடு, பட்டியின் நடு, இரண்டிலும் குறி போட்டு அங்கே முதல் கிளிப். (கிளிப்புக்கும் தோலுக்கும் நடுவே தோல் துண்டு வைக்காவிட்டால் தழும்பு விழும்.) பிறகு துளையை எண்ண வேண்டும். முன்பக்கம், பின்பக்கம், பட்டியின் இரண்டு ஓரம், நான்கிலும் நடுக்குறியிலிருந்து மூலை வரை ஒரே எண்ணிக்கை. மூலையிலும் ஒரே எண்ணிக்கை. நம் அளவுக்கு மூலையில் பத்துத் தையல் வரும். அக்கா பத்துத் துளைக்கு ஒரு சிவப்பு நூல் கட்டி வைப்பார். பல பல்லுள்ள உளி வளைவில் சரியாகத் திரும்பாது. அங்கே இரட்டைப் பல் உளிதான்.

மூலையில்தான் தோல் முரண்டு பிடிக்கும். பட்டியின் ஓரத்தை 8 மி.மீ. வெளியே மடித்தால், மடிப்புக் கோட்டின் ஆரம் 22, விளிம்பின் ஆரம் 30. விளிம்பு நீள வேண்டும், மடிப்பு சுருங்க வேண்டும். ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிடுவது நம் பக்கத்துப் பழைய முறை. அப்படிப்பட்ட மரப்பட்டைத் தோலை ஈரப்படுத்தி, உருண்டையான மரக்கட்டையில் கட்டைவிரலால் அழுத்தி வளைத்து, ஒரு ராத்திரி காயவிட்டால் சொன்னபடி நிற்கும். குரோம் தோல் இதற்கு மசியாது. அதை உள்பக்கம் திருப்பித் தைத்து, மூலையில் பட்டி ஓரத்தைச் சின்னச் சின்னதாக வெட்டிவிட வேண்டும். வெட்டு தையல் கோட்டைத் தொடக் கூடாது. தடிமனான தோலென்றால் ஓரத்தைச் சீவி மெலிதாக்காமல் மடிக்கவே மடிக்காதீர்கள்.

பட்டியை எந்தத் திசையில் வெட்டுகிறோம் என்பதும் முக்கியம். முதுகெலும்பின் நீளவாக்கில் தோல் அதிகம் நீளாது. வயிற்றுப் பக்கம் ரப்பர் மாதிரி இழுபடும். மிச்சத் துண்டுதானே என்று வயிற்றுத் தோலில் பட்டி வெட்டினால், துளையைச் சரியாக எண்ணினாலும் ஆறு மாதத்தில் பை தொங்கிவிடும்.

தையலைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. மெழுகு பூசிய ஒரே நூல், இரண்டு முனையிலும் ஊசி, ஒவ்வொரு துளையிலும் இரண்டும் எதிரெதிரே போக வேண்டும். எந்தக் கை ஊசி முதலில் போகிறதோ அதுவே கடைசிவரை முதலில் போக வேண்டும். இரண்டு கையும் ஒரே பலத்தில் இழுக்க வேண்டும். நூலின் நீளம் தையலைப் போல நான்கு மடங்கு. நம் பைக்கு ஒரு ஓரத்துக்கு மூன்று மீட்டருக்குச் சற்று மேல். அவ்வளவு நீளத்தை இழுத்தால் சிக்கும் என்பவர்கள் நடுவிலிருந்து இரண்டு துண்டாகத் தைக்கலாம். சேரும் இடத்தில் மூன்று தையல் மேலே மேலே போட்டால் போதும்.

மதிய உணவுக்குப் பிறகு ஒர்க் ஷாப்பில் பழைய ஃபிட்டிங் மேஜையருகே இருப்பேன். துண்டுத் தோலும் உளியும் கொண்டுவந்திருக்கிறேன். அந்த அக்காவும் வந்திருக்கிறார், இதோ மூன்றாவது வரிசையில். சந்தேகங்களை அவரிடமே கேளுங்கள்.