விலாசத்தில் உள்ள ஊர்கள்



இலண்டனிலிருந்து வந்திருக்கும் நாங்கள் வெம்பிளி, ஹரோ, ஈஸ்ட் ஹாம் என்று பல வருடங்களாக விலாசம் எழுதுகிறோம். பொருள் தேடியது பேரப்பிள்ளைகள் கேட்ட பிறகுதான்.

வெம்பிளி, வெம்பா என்பவரின் காட்டுவெளி. 825ஆம் ஆண்டுச் சாசனத்திலேயே அப்பெயர் உண்டு. ஈஸ்ட் ஹாமின் 'ஹாம்', ஆறும் சதுப்பும் சூழ்ந்த நிலம். ஹரோ என்றால் கிறிஸ்தவம் வருமுன் இருந்த கோயில். கோயில் இன்றில்லை, பெயர் இருக்கிறது. இவை கடல் கடந்து வந்து குடியேறியவர்களின் பழைய ஆங்கிலப் பெயர்கள். தேம்ஸ் ஆற்றின் பெயரோ அவர்களுக்கு முன்பிருந்தவர்களுடையது. வந்தவர்கள் அதைக் கேட்டறிந்து வைத்துக்கொண்டார்கள்.

"அப்ப பருத்தித்துறையில பருத்தி எங்க, அம்மம்மா?" என்பது அடுத்த கேள்வி. முன்பு பருத்தி ஏற்றிய துறை என்றோம். இதையெல்லாம் இப்போதே சொல்லிவைப்போம், சகோதரிகளே. எங்களுக்குப் பிறகு அவர்கள் யாரிடம் கேட்பார்கள்?