தராசுக்கு வெளியே



குந்தாவில் கொழுந்து தராசில் ஏறுகிறது. எடை கூடினால் கூலி கூடும். இம்மண்ணில் நின்று, மீட்பு நற்செயலின் கூலியன்று, அருட்கொடையே என்றால் உழைப்பவர் ஏற்பரோ?

மத்தேயு 20-ஆம் அதிகாரத்தில், விடியலில் வந்தவருக்கும் மாலை ஐந்து மணிக்கு வந்தவருக்கும் ஒரே கூலி. முன்னவர் முறுமுறுத்தனர், அதில் நியாயம் உண்டு என்பேன். ஆயினும் பின்னவர் சோம்பேறிகள் அல்லர். அவர்களை ஒருவரும் வேலைக்கு அழைக்கவில்லை.

1858-இல் திருமுழுக்குப் பெற்ற எச்.ஏ. கிருஷ்ண பிள்ளைக்கு அருள்நெறி அந்நியமன்று. குரங்குக்குட்டி தாயைப் பற்றும். பூனைக்குட்டியைத் தாயே கவ்வும். இவ்வுவமைகள் அவர் பிறந்த வைணவத்தின் சொத்து. 1894-இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகத்தை ஜான் பனியன் நூலின் வெறுந்தழுவல் என ஒதுக்குவோர் இதனைக் கருதுவதில்லை.

கூடை சுமக்கவியலாத முதிய கைகளுக்கு எக்குட்டி பொருந்தும்? கவிஞர்களே கூறுங்கள்.