கலைப் பாடம் கேட்கும் பிள்ளையைத் தடுக்க வேண்டாம்

(நமது அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரை)





இந்த ஆண்டும் பிள்ளைகளின் படிப்புக்குக் கைகொடுக்கும் வாய்ப்பை அல்லாஹ் நமக்குத் தந்திருக்கிறான். அல்ஹம்துலில்லாஹ். ஜகாத்தும் ஸதகாவும் தந்தவர்களுக்கு அவன் நிறைவான கூலியை வழங்குவானாக.

வந்த விண்ணப்பங்களை நாம் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பொறியியல், கணினி, நர்சிங், பார்மசி, பி.காம். என்றுதான் பெரும்பாலும் இருந்தன. மகிழ்ச்சி. ஆனால் வரலாறு, தமிழ், அரசியல் அறிவியல், சமூகவியல் படிக்க உதவி கேட்டு வந்தவர்கள் மிகச் சிலரே. அவர்களும் ஏதோ தப்புச் செய்தவர்களைப் போலத் தயங்கியே விண்ணப்பத்தை நீட்டினார்கள். "அதைப் படிச்சு என்ன வேலைக்குப் போகப் போறே?" என்ற கேள்வியை வீட்டிலேயே கேட்டுவிட்டுத்தான் அவர்கள் வந்திருக்கிறார்கள்.

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நகையை அடகு வைத்துப் படிக்க வைக்கும் வீட்டில் வருமானத்தைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியாது. அதற்கான பதிலுக்கு வருகிறோம். அதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தப் படிப்புகள் நமக்குப் புதியவை அல்ல.

மதரஸாவில் நாம் ஓதியது என்ன? நஹ்வு, ஸர்ஃபு என்ற இலக்கணம். பலாகத் என்ற சொல்நயம். மன்திக் என்ற தர்க்கம். மொழியையும் சிந்தனையையும் பக்குவப்படுத்தாமல் மார்க்க நூல்களுக்குள் நுழைய முடியாது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். ஹதீஸ் கலையைப் பாருங்கள். ஒரு செய்தி வந்தால், சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தார்களா, அவருடைய நினைவாற்றல் எப்படி, நேர்மை எப்படி என்று ஒவ்வொரு கண்ணியையும் இமாம்கள் சோதித்தார்கள். இன்று கல்லூரியில் வரலாறு படிக்கும் மாணவரும் ஓர் ஆவணத்தைக் கையில் எடுத்தால் இதே வகைக் கேள்விகளைத்தான் கேட்கப் பழகுகிறார்.

இந்தப் பழக்கம் நம் வீடுகளில் இப்போது எந்த அளவில் இருக்கிறது? வாட்ஸ்அப்பில் வந்ததை மூலம் பார்க்காமல் அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடுகிறோம். செயற்கை நுண்ணறிவு எதைக் கேட்டாலும் நொடியில் பதில் எழுதித் தருகிறது. பதில் கிடைப்பது எளிதாகிவிட்ட காலத்தில், அது சரியா தவறா என்று நிறுத்துப் பார்க்கத் தெரிந்தவர்தான் தேவை.

அடுத்தது, நமது உடைமை சம்பந்தப்பட்டது. 2025-ல் வக்ஃப் சட்டம் திருத்தப்பட்டு, சொத்துகளின் விவரங்களை இணையத்தில் பதிவேற்ற வேண்டும் என்று வந்தபோது, பழைய பத்திரங்களைத் தேடி எடுக்க வேண்டியதாயிற்று. பழந்தமிழ்க் கையெழுத்தையும், பழைய நில அளவைச் சொற்களையும், அரபுத்தமிழையும் படித்துச் சொல்பவர்களை இனி எங்கே தேடுவோம்? அரபு எழுத்தில் தமிழை எழுதிய அந்த அரபுத்தமிழ்க் கிதாபுகள் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் பெண்கள் உட்பட வீட்டார் ஓதி வந்தவை. இன்று அவற்றைச் சரளமாக வாசிப்போர் அருகிவிட்டார்கள். கிதாபு அலமாரியில் இருந்தும், திறந்து படிக்க ஆள் இல்லையென்றால் அது நமக்கு இல்லாதது போலத்தான். இந்தக் குறையைத் தீர்க்க மொழியும் வரலாறும் முறையாகப் படித்த நம் பிள்ளைகள் வேண்டும்.

நம் பெரியவர்கள் இதை உணர்ந்திருந்தார்கள். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-ல் தொடங்கியது. திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் சென்னை புதுக்கல்லூரியும் 1951-ல் தொடங்கின. மூன்றுமே கலை, அறிவியல் கல்லூரிகள். தோல் வணிகத்தில் பொருளீட்டியவர்கள் இவற்றுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். வாணியம்பாடிக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர்தான் கவிக்கோ அப்துல் ரகுமான். நாகூரில் பிறந்த நீதியரசர் மு.மு. இஸ்மாயில் சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக உயர்ந்தவர். கம்பனில் தோய்ந்த அறிஞர் என்று தமிழுலகமே அவரைக் கொண்டாடியது. உமறுப்புலவர் 17-ஆம் நூற்றாண்டில் சீறாப்புராணம் பாடியதால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாறு தமிழ்க் காப்பியமாக நமக்குக் கிடைத்தது. இத்தகையவர்களால்தான் அண்டை வீட்டார் நம்மை அறிந்தார்கள், நாமும் அவர்களை அறிந்தோம். இந்த அறிமுகம் குறையும்போது ஊரில் சந்தேகம் வளர்கிறது.

இனி, வேலைக்கு வருவோம். ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். தேர்வுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். வரலாறு, அரசியல் அமைப்பு, பொருளாதாரம், கட்டுரை எழுதும் திறன் ஆகியவைதான் அங்கே பெரிதும் சோதிக்கப்படுகின்றன. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் பெறாவிட்டால் மற்ற விடைகளைத் திருத்துவதே இல்லை. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குத் தமிழகத்தில் 3.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. விண்ணப்பிக்கவும் வெற்றி பெறவும் நம் பிள்ளைகள் போனால்தானே அது பயன்படும்? சட்டம், ஆசிரியப் பணி, பத்திரிகை, மொழிபெயர்ப்பு என்று வேறு வழிகளும் உள்ளன. படித்ததும் மறுநாளே சம்பளம் வரும் என்று நாம் சொல்லவில்லை. பொறியியல் முடித்தவர்கள் எல்லாருக்கும் அப்படி வந்துவிடவில்லை என்பதையும் நம் தெருவிலேயே பார்க்கிறோம். விருப்பமில்லாத பாடத்தில் தோற்று நிற்பதைவிட, விருப்பமான பாடத்தில் முதல் வரிசையில் நிற்பது குடும்பத்துக்கும் நல்லது.

எல்லாரும் கலைப் பாடம்தான் படிக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. மருத்துவரும் வேண்டும், பொறியாளரும் வேண்டும். அவர்களும் ஒரு வரலாற்று நூலையும் ஒரு நல்ல நாவலையும் படித்தவர்களாக இருக்க வேண்டும். நோயாளி சொல்வதைப் பொறுமையாகக் கேட்கத் தெரியாத மருத்துவரின் சான்றிதழில் எத்தனை தங்கப் பதக்கம் இருந்து என்ன?

எனவே நிர்வாகக் குழு சில முடிவுகளை எடுத்துள்ளது. வரும் கல்வியாண்டு முதல் கலை, மொழி, சட்டப் படிப்பு மாணவர்களுக்கும் தொழிற்படிப்பு மாணவர்களைப் போலவே கல்விக் கட்டணத்தின் அதே பங்கு வழங்கப்படும். மாலை மக்தப் முடிந்ததும் அலுவலக மாடியில் வாசிப்பு அறை திறந்திருக்கும். பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம் உண்டு. வீட்டில் பழைய பத்திரமோ அரபுத்தமிழ்க் கிதாபோ இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். படம் எடுத்துக்கொண்டு உங்களிடமே திருப்பித் தருவோம்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன் ஒரு நாள் இஷாவுக்குப் பின் பிள்ளையை அருகில் உட்கார வைத்து, "உனக்கு எந்தப் பாடம் பிடிக்கிறது?" என்று கேளுங்கள். அது சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு முதன்முதலாக இறங்கிய வசனங்களே ஓதுவதையும் எழுதுகோலையும் பற்றிப் பேசுகின்றன. அந்த உம்மத்தின் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், கற்றதைக் கொண்டு மக்களுக்கு நன்மை செய்யும் மனதையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.