பதினெட்டு வயதும் குடிமைப் பாடமும்

(ஊராட்சி உறுப்பினர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



நாம் கூடும்போதெல்லாம் குடிநீர்த் தொட்டி, தெருவிளக்கு, வாய்க்கால் மராமத்து ஆகியவற்றைப் பற்றியே பேசி வருகிறோம். இன்று எடுத்துக்கொண்ட பொருள் வேறு. நம் வீடுகளில் 18 வயது நிறைந்த பிள்ளைகள் வாக்களிக்க வருகிறார்களா, வராவிடில் காரணம் யாது, பள்ளியில் அவர்கள் கற்கும் குடிமைப் பாடம் அதற்கு எவ்வளவு தூரம் துணை செய்கிறது என்பதே அது.

சட்டம் உரிமையைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுவோர் உண்டு. நம் நாட்டின் முதற் பொதுத்தேர்தல் 1951-52இல் நடைபெற்றது. அதற்குப் பட்டியல் எழுதச் சென்றவர்களிடம் பெண்கள் பலர் தம் பெயரைச் சொல்லவில்லை. இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று மட்டுமே கூறினர். ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் அக்காரணத்தால் நீக்கப்பட்டன. பெரும்பாலும் வட மாநிலங்களில் நேர்ந்தது அது. சட்டப்படி அவர்களுக்கு உரிமை இருந்தது. பட்டியலில் பெயர் இல்லை. 1988ஆம் ஆண்டின் 61ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டு, 1989 மார்ச் 28 முதல் நடைமுறைக்கு வந்தது. அவ்வுரிமையும் பட்டியலில் பெயர் ஏறாதவரை ஏட்டளவில்தான் நிற்கும்.

இனிப் பள்ளிக்கூடத்திற்கு வருவோம். ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலிலேயே உள்ளாட்சியைப் பற்றிய பாடம் உள்ளது. பிள்ளைகள் அதை நன்றாகவே படிக்கிறார்கள். மக்களவைக்கு எத்தனை இடங்கள் என்று கேட்டால் 543 என்று தயங்காமல் விடை வருகிறது. உன் வீடு எந்த வார்டில் இருக்கிறது என்று கேட்டால் விழிக்கிறார்கள். பிழை பிள்ளைகளுடையது அன்று. தேர்வில் முதற் கேள்வி வரும், இரண்டாவது வராது. அவ்வளவே.

உத்தரமேரூரைப் பற்றியும் ஒரு சொல். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை, அங்கே இருக்கின்றன. குடவோலை முறையைப் பெருமையுடன் சொல்லிக் கொடுக்கிறோம், பெருமைக்கு உரியதே. கணக்குக் காட்டாதவன் மட்டுமன்றி அவன் உறவினரும் மீண்டும் பொறுப்புக்கு வரலாகாது என்ற விதியை இன்றும் வியக்கலாம். ஆனால் அது வாக்குப் பதிவு அன்று. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி எடுத்த முறை. நிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் இல்லாதவருடைய பெயர் குடத்திற்குள் போகாது. இதையும் சேர்த்துச் சொன்னால்தான், நிலமற்ற கூலியாளின் மகளும் பெருநிலக்காரரும் ஒரே வரிசையில் நின்று சமமான வாக்கு அளிக்கும் இன்றைய ஏற்பாட்டின் அருமை பிள்ளைக்கு விளங்கும்.

பாடநூலில் இருந்தும் பலருக்குப் பதியாத செய்தி மற்றொன்று. கிராம சபை என்பது யாது? ஊரில் குடியிருப்போர் எல்லோருமா? அல்லர். அந்த ஊராட்சிக்குரிய வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களே கிராம சபையினர். ஆதலின் பெயரைப் பதிந்துகொள்ளாத இளைஞன் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் தேர்தலை மட்டும் இழக்கவில்லை. குடியரசு நாளிலும் மே தினத்திலும் விடுதலை நாளிலும் காந்தி பிறந்த நாளிலும் கூடும் சபையில் ஊர்க் கணக்கைக் கேட்கும் தகுதியையும் இழக்கிறான். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 10,000 பேருக்கு மேற்பட்ட ஊராட்சியில் 300 பேரும் வந்தால்தான் சபை செல்லும். அந்த எண்ணிக்கைக்கு நாம் ஆள் தேடி அலையும் அலைச்சல் உங்களுக்குத் தெரியாததன்று.

ஊராட்சித் தேர்தலில் ஒருவர்க்கு நான்கு வாக்குகள். ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றிய வார்டு உறுப்பினர், மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினர் என்று நால்வரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2019, 2021 தேர்தல்களில் இதற்கு வெவ்வேறு நிறங்களில் வாக்குச்சீட்டுகள் தரப்பட்டன. தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்திற்குப் பச்சை, மாவட்டத்திற்கு மஞ்சள். முதல் முறை வருகிற பிள்ளை நான்கு சீட்டுகளைக் கையில் வாங்கியதும் திகைத்துப் போவது இயல்பு. வகுப்பறையில் நான்கு நிறத் தாள்களை வெட்டி, ஓர் அட்டைப்பெட்டி வைத்து, ஒரு மணி நேரம் பழக்கினால் இது தீரும். எதற்கு எவர், எவரிடம் எந்த வேலையைக் கேட்கலாம் என்பதும் அப்போதே மனத்தில் நிற்கும். தேர்தல் ஆணையம் 2018 முதல் பள்ளி, கல்லூரிகளில் வாக்காளர் கல்விச் சங்கங்களை ஏற்படுத்தி வருகிறது. பலகையில் பெயர் எழுதுவதோடு நில்லாமல் அவை இத்தகைய பயிற்சியை மேற்கொள்ளுமாயின் நன்று.

ஒரு வாக்கால் என்ன ஆகிவிடும் என்று இளைஞர் கேட்பதுண்டு. 2004இல் கருநாடகத்தின் சந்தேமரஹள்ளியிலும், 2008இல் இராஜஸ்தானத்தின் நாத்துவாராவிலும் சட்டமன்றத் தேர்தல் முடிவு ஒரே ஒரு வாக்கில் அமைந்தது. சில நூறு வாக்குகளே உள்ள நம் ஊராட்சி வார்டுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அடுத்துக் கூறுவது சிலர்க்குக் கசப்பாக இருக்கலாம். வாக்குக்குப் பணம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். ஓராண்டு வரை சிறைக்கு இடமுண்டு. பள்ளியில் ஆசிரியர் பல மாதம் பாடுபட்டுச் சொன்னதை, இரவில் திண்ணையில் கை நீட்டும் தகப்பனார் ஒரு நிமிடத்தில் அழித்துவிடுகிறார். பிள்ளை நம்புவது புத்தகத்தை அன்று; தான் கண்ணால் கண்டதை. இதில் பள்ளியைக் குறை கூறிப் பயனில்லை.

எனினும் வாக்களிக்க வராத இளைஞர் எல்லோரும் அக்கறையற்றவர் என்று நாம் கருதவில்லை. திருப்பூர்ப் பனியன் ஆலையிலும் பெங்களூரிலும் வேலை பார்ப்பவர்களை எண்ணிப் பாருங்கள். வாக்குப் பதிவு நாளன்று வாக்குரிமை உள்ள தொழிலாளிக்கு ஊதியத்துடன் விடுமுறை தரவேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கூறுகிறது. தினக்கூலிக்காரருக்கும் அது பொருந்தும். இதைப் பத்தாம் வகுப்பிலேயே சொல்லியிருந்தால் கேட்டு வாங்கியிருப்பார்கள். மணமாகிப் புகுந்த ஊர் செல்லும் பெண்ணின் நிலை இன்னும் மோசம். பிறந்த ஊர்ப் பட்டியலில் பெயர் நீக்கப்படும். புகுந்த ஊரில் சேர்க்க எவரும் முனையார். தன் முதல் வாக்கையே அளிக்காமல் பல தேர்தல்களைக் கடந்துவிடும் பெண்கள் உண்டு.

ஆகவே செய்யவேண்டியவை. புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6. இடம் மாறியவர்க்கும் பிழை திருத்தவும் படிவம் 8. முன்பு ஜனவரி 1 ஒன்றே தகுதி நாளாக இருந்தது. 2021ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் நாளும் தகுதி நாட்களாயின. 17 வயது நிறைந்தவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம்; அதாவது பிள்ளை மேல்நிலைப் பள்ளியில் இருக்கும்போதே. உறுப்பினர்கள் தத்தம் வார்டின் பட்டியலை எடுத்துக்கொண்டு வீடுவீடாகச் சென்று பாருங்கள், கட்சி பாராதீர்கள். புது மருமகள்களின் பெயரை முதலில் கேளுங்கள். தலைமையாசிரியரிடம் பேசி, மேல்வகுப்பு மாணவர்களை அடுத்த கிராம சபைக்கு அழைத்து வந்து ஒரு பக்கமாக உட்கார வையுங்கள். அவர்கள் முன்னிலையில் வரவு செலவை உரக்கப் படியுங்கள். படிவங்கள் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கிடைக்கும். ஐயம் இருப்பின் 1950 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம், அல்லது எம் அலுவலகத்திற்கு வரலாம்.