வாக்குச் சீட்டும் மறைமுகப் பட்டியலும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்கு அறிவொளி ஊட்டிவரும் இச்சங்கத்தின் விழாவில் பேச வாய்ப்பளித்தமைக்கு நன்றி. அரசுப் பணியிலிருக்கும் நாம் எக்கட்சியையும் ஆதரித்தோ எதிர்த்தோ பேச வரவில்லை. வாக்குரிமைக்கு அயல்நாட்டில் நேர்ந்த ஒரு சோதனையை எடுத்துரைக்கவே வந்தோம்.

ஆசிரியர்களாகிய நாம் பல தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணி ஆற்றியிருக்கிறோம். அங்கு எம் மேசைமீதுள்ள வாக்காளர் பட்டியலில் சாதிக்கென ஒரு பத்தி கிடையாது. ஆயினும் தெருவின் பெயரைப் படித்த மாத்திரத்தில் அங்கு வாழ்வோர் யாவர் என்பது உள்ளூராருக்கு விளங்கிவிடும். ஒருவர் வாய் திறந்து சொல்லாததையும் அவரைப் பற்றிய சிறு குறிப்பு சொல்லிவிடுகிறது.

அமெரிக்காவில் இது பெருந்தொழிலாகவே வளர்ந்துள்ளது. ஒருவர் எந்தெந்தத் தேர்தலில் வாக்களித்தார் என்பது அந்நாட்டுப் பதிவேட்டில் உண்டு. யாருக்கு என்பது இல்லை. ஜார்ஜியா போன்ற சில தென்மாநிலங்களில் வாக்காளரின் இனமும் பதிவாகிறது. கட்சிகள் இவற்றோடு விலைக்கு வாங்கிய வணிகத் தகவல்களையும் சேர்த்து, கணிப்பொறியின் துணையால் ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் இடுகின்றன. இவர் வாக்களிக்க வருவாரா? நம் பக்கம் சாய்வாரா? 2012-இல் ஒபாமாவின் பிரசாரக் குழுவும் இம்முறையைப் பெரிதும் கையாண்டது.

கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்னும் நிறுவனத்தின் செய்தி 2018 மார்ச்சில் அம்பலமாயிற்று. ஏறத்தாழ 2.7 லட்சம் பேர் முகநூல் வழியே ஒரு வினாவிடைச் செயலியைப் பயன்படுத்தினர். அவர்களுடைய நண்பர்களின் விவரங்களும் சேர்ந்து, 8.7 கோடிப் பேர் வரையிலான தகவல்கள் திரட்டப்பட்டன. விடையளித்தவர் ஒருவர், அகப்பட்டவர் பல நூற்றுவர்!

2016-இல் டிரம்ப் தரப்பு பயன்படுத்திய தகவல் தொகுப்பினைப் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி 2020 செப்டம்பரில் வெளியிட்டது. அதில் ஏறத்தாழ 20 கோடி வாக்காளர்கள் இருந்தனர். கடும் போட்டி நிலவிய 16 மாநிலங்களின் வாக்காளர்கள் 8 வகைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தனர். அவற்றுள் ஒரு வகைக்குத் ‘தடுத்து நிறுத்தல்’ எனப் பொருள்படும் பெயர். அவ்வகையில் 35 லட்சம் கறுப்பின மக்கள் இடம்பெற்றிருந்தனர். எதிர்வேட்பாளர் மீது வெறுப்பூட்டி அவர்களை வீட்டிலேயே இருக்கச் செய்வதே நோக்கம் என்று குற்றஞ்சாட்டப்பட்டது, அத்தரப்பு மறுத்தது. கறுப்பின வாக்காளரின் வாக்குப்பதிவு 2012-இல் சுமார் 67 விழுக்காடாக இருந்து, 2016-இல் சுமார் 60 விழுக்காடாகக் குறைந்தது. இதற்கு விளம்பரங்களே காரணம் என்று அறுதியிட்டுக் கூறுதல் நேர்மையாகாது. ஆயினும் அந்த நோக்கமே நம்மைக் கலங்கச் செய்கிறது.

அம்மக்கள் எளிதில் பெற்ற உரிமையா அது? 1870-இலேயே சட்டத்தில் எழுதப்பட்டும், தலைவரி என்றும் எழுத்தறிவுத் தேர்வு என்றும் சொல்லித் தென்மாநிலங்கள் அவர்களை விரட்டின. 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வரை அந்த இழிவு நீடித்தது. அன்று கதவடைத்து நிறுத்தினர். இன்று கைப்பேசியில் வரும் சொல்லைக் கேட்டு அவர்களே நின்றுவிடவேண்டும் என எண்ணுகின்றனர்.

அவர்கள் நமக்கு அந்நியர் அல்லர். ஐக்கிய நாடுகள் அவைக்கு அவர்கள் அளித்த மனுவின் படியினைக் கேட்டு, 1946-இல் அண்ணல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டூ போய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதினார். அவர்தம் துயரில் நம் துயரைக் கண்டவர் அண்ணல்.

அன்பர்களே! வாக்கு இரகசியமாக இருத்தல் வேண்டும். பிரசாரம் வெளிப்படையாக இருத்தல் வேண்டும். மேடையில் பேசியதை ஊரே கேட்கும். பொய்யாயின் நால்வர் மறுப்பர். ஒருவர் கைப்பேசிக்கு மட்டும் வந்த பொய்யை மறுப்பவர் யார்?

ஆதலின் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். தேர்தல் காலத்தில் நம் மாலை வகுப்புகளில் வாரம் ஒரு நாள் ஒதுக்குங்கள். அவரவர் கைப்பேசிக்கு வந்த செய்திகளை அனைவர் முன்னும் உரக்கப் படிக்கச் செய்யுங்கள். இதை அனுப்பியவர் யார், எனக்கு ஏன் அனுப்பினார், அடுத்த தெருவுக்கு என்ன அனுப்பினார் என்று பிள்ளைகள் கேட்கட்டும்.

‘உன் வாக்கினால் ஆவது ஒன்றுமில்லை’ என்று எவரேனும் சொன்னால், அன்று ஒரு மணி நேரம் முன்னதாகவே வரிசையில் போய் நில்லுங்கள். பயனற்ற பொருளைப் பறிக்க எவரும் இத்துணைப் பொருள் செலவிடார்.